மின்கம்பம் இல்லாத இடத்தில் வேனுக்கு மின்சாரம்: ஜெனரேட்டர் சத்தத்தை அடக்கும் வழியோடு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் கொஞ்ச தூரம் போனால் கோலா வோ வரும். ஆறும் பாறையும் வெந்நீர் ஊற்றும் ஒரே இடத்தில். நாலு வருடத்துக்கு முன்பு, எங்கள் பழைய வேனுக்குள் படுக்கை போட்டு, தண்ணீர்த் தொட்டி வைத்து, முதன்முதலாகக் குடும்பத்தோடு இரவு தங்கியது அங்கேதான். அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலின் குளிரில் இருந்தாக வேண்டும் என்பதால் சின்னக் குளிர்பெட்டி ஒன்றும், அதை ஓட்ட மலிவாகக் கிடைத்த ஒரு ஜெனரேட்டரும் வாங்கியிருந்தேன். இரும்புச் சட்டத்துக்குள் இஞ்சின் திறந்தபடி இருக்குமே, அந்த ரகம். விற்றவர் சத்தம் கம்மி என்று சொன்னதை நம்பினேன்.

இரவு பத்தரைக்கு, பக்கத்துக் கூடாரத்திலிருந்து ஒரு அம்மா டார்ச் லைட்டோடு வந்தார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. பேரப்புள்ள ரெண்டு மணி நேரமா அழுவுது. அத கொஞ்சம் நிறுத்த முடியுமா?" உடனே நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் ஆற்றுச் சத்தமே காதில் விழுந்தது. இன்சுலினை ஐஸ் பெட்டிக்கு மாற்றிவிட்டு, ராத்திரி முழுக்க ஐஸ் கரைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு படித்ததும், செலவழித்ததும், வயர் மாற்றி மாற்றிக் கற்றுக்கொண்டதும் இங்கே வரிசையாக இருக்கிறது. நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரியைப் பேட்டரி பார்த்துக்கொள்ள வேண்டும். ஜெனரேட்டர் தேவைப்பட்டால் அது பகலில், தள்ளி, கொஞ்ச நேரம் மட்டும் ஓட வேண்டும். மற்ற எல்லாம் இந்த இரண்டையும் நடத்திக் காட்டுவதற்கான வேலைகள்.

படி 1: எதையும் வாங்குவதற்கு முன் கணக்கு

ஒரு நோட்டில் வேனில் ஓடப்போகும் ஒவ்வொரு பொருளையும் எழுதுங்கள். பக்கத்தில் அதன் வாட், அதற்குப் பக்கத்தில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும் என்பது. இரண்டையும் பெருக்கினால் வாட்-மணி. இந்த ஒரு எண் தெரியாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் சொல்வதுதான் உங்கள் தேவை ஆகிவிடும்.

எங்கள் வேனின் கணக்கு இது:

12 வோல்ட் கம்ப்ரசர் குளிர்பெட்டி, 45 வாட். நம் வெக்கைக்கு நாளில் பாதி நேரம் ஓடும். 540 வாட்-மணி.
12 வோல்ட் காத்தாடி இரண்டு, தலா 15 வாட், இரவு 9 மணி நேரம். 270.
எல்இடி விளக்குகள், மொத்தம் 10 வாட், 4 மணி நேரம். 40.
கைப்பேசி மூன்று. ஏறக்குறைய 45.
தண்ணீர் பம்ப், 60 வாட், எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். 10.

கூட்டினால் 905. சின்ன ரைஸ் குக்கர் ஒரு தடவை, 350 வாட்டில் 25 நிமிடம், இன்னொரு 150. ஆக ஒரு நாளைக்கு 1,050 சொச்சம், இழப்பையும் சேர்த்து 1,100 என்று வைத்துக்கொள்கிறோம்.

பட்டியலைக் கவனித்தால், பாதியைப் பெட்டியே சாப்பிடுகிறது. ஆகவே பெட்டியை நிழலில் வையுங்கள். அதன் பக்கத்தில் காற்று போக நாலு விரல் இடைவெளி விடுங்கள். வீட்டிலேயே முந்தைய இரவு நம் வீட்டு மின்சாரத்தில் குளிரவைத்து, குளிர்ந்த பொருளையே உள்ளே அடுக்குங்கள். வெதுவெதுப்பான பத்துப் பாட்டில் தண்ணீரை உள்ளே தள்ளிவிட்டுப் பேட்டரி போதவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. இன்சுலின் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. குளிர் தட்டை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும், உறைந்ததைப் பயன்படுத்தக் கூடாது. நான் ஒரு சின்ன டப்பாவில் துணி சுற்றி நடுவில் வைக்கிறேன், ஒரு தெர்மாமீட்டரும் பக்கத்திலேயே கிடக்கும்.

படி 2: சூடாக்கும் வேலையைக் கேஸுக்குக் கொடுங்கள்

மின்சாரத்தில் விலை உயர்ந்த வேலை சூடாக்குவது. நம் கடைகளில் விற்கும் மின் கெட்டல் 1,500 முதல் 2,200 வாட் வரை இழுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000. 2,000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால் 180 ஆம்பியர் அளவு பாயும். அந்த அளவு கரண்டுக்கு வயரும் ஃபியூஸும் இன்வெர்ட்டரும் (பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவி) எல்லாமே பெரிசாக வேண்டும், செலவு அங்கேதான் எகிறும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் 220 கிராம் பியூட்டேன் டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கிட்டத்தட்ட 2,800 வாட்-மணி வெப்பம் இருக்கிறது. 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால்கூட 2,560தான். அடுப்பில் பாதி வெப்பம் வீணாகப் போனாலும், சில வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள டின் ஒன்று தேநீர், மெகி, குழம்பு சுடவைப்பது எல்லாவற்றையும் முடித்துவிடும். ஆகவே தண்ணீர் கொதிக்க, சமைக்க கேஸ். குளிர, காற்று வர, வெளிச்சத்துக்கு மின்சாரம்.

கேஸ் அடுப்பை வேனுக்கு வெளியே, அல்லது பக்கக் கதவும் பின் கதவும் திறந்திருக்கும்போது மட்டும் பற்றவையுங்கள். மிச்ச டின்களை வெயிலில் நிற்கும் வேனுக்குள் விட்டுப் போகாதீர்கள்.

படி 3: பேட்டரி

சாதாரண ஈய-அமிலப் பேட்டரியில் 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால், 12 வோல்ட்டால் பெருக்கி 1,200 வாட்-மணி. அதில் பாதியைத் தாண்டி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே கையில் 600தான். எடை முப்பது கிலோவை நெருங்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ரகத்தில் அதே 100 ஆம்பியர்-மணி, அதன் 12.8 வோல்ட்டில், 1,280 வாட்-மணி தரும். அதில் ஆயிரத்துக்கு மேல் தாராளமாக எடுக்கலாம், எடையும் பன்னிரண்டு பதிமூன்று கிலோதான். விலை அதிகம், ஆனால் ஆயுள் பல மடங்கு. ஈயத்தை வாங்கி இரண்டு வருடத்தில் மாற்றிய பிறகு நான் லித்தியத்துக்கு வந்தேன். முதலிலேயே வந்திருந்தால் காசு மிச்சம்.

நம் ஊருக்கே உரிய ஒரு எச்சரிக்கை. லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மத்தியான வெயிலில் கதவடைத்து நிற்கும் வேனுக்குள் அதையும் தாண்டும். தரையோடு, நிழலில், காற்றோட்டமாக வையுங்கள். பின் கண்ணாடிக்குக் கீழே, வெயில் நேராக விழும் இடத்தில் வேண்டாம்.

வயர் வேலையே வேண்டாம் என்பவர்களுக்கு, பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய பவர் ஸ்டேஷன் நல்ல வழி. ஆயிரம் வாட்-மணி உள்ளது எங்கள் கணக்குக்கு ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவாக வரும். பழுதானால் நாமே திறந்து பார்க்க முடியாது என்பது ஒன்றுதான் குறை.

இன்வெர்ட்டர் பற்றி இரண்டே விஷயம். பியூர் சைன் வேவ் ரகமாக, அதாவது வீட்டு மின்சாரம்போலவே சீரான அலை தருவதாகப் பாருங்கள், மலிவான மாற்று ரகத்தில் மோட்டார்கள் சூடாகும், சில சார்ஜர்கள் உறுமும். இரண்டாவது, அது சும்மா இருக்கும்போதும் குடிக்கும். 15 வாட் குடிக்கும் இன்வெர்ட்டரை நாள் முழுக்க விட்டுவைத்தால் 360 வாட்-மணி, எங்கள் இரண்டு காத்தாடியும் ராத்திரி முழுக்க ஓடுவதைவிட அதிகம். பெட்டி, காத்தாடி, விளக்கு மூன்றையும் 12 வோல்ட்டிலேயே வாங்கி நேராக இணையுங்கள். ரைஸ் குக்கர் வைக்கும்போது மட்டும் இன்வெர்ட்டரைத் தட்டி, முடிந்ததும் அணையுங்கள்.

படி 4: வயர்

இதில் அவசரப்பட்டுத்தான் எங்கள் பெட்டி ஒரு மாதம் தொல்லை கொடுத்தது. ராத்திரி இரண்டு மணிக்கு கம்ப்ரசர் கிளிக் என்று தொடங்கும், மூன்று விநாடி முனகும், நின்றுவிடும். ஒரு நிமிடம் கழித்து மறுபடி கிளிக். பேட்டரி செத்துவிட்டது என்று நினைத்தேன். மல்டிமீட்டரை எடுத்துப் பேட்டரி முனையில் வைத்தால் 12.4 வோல்ட். நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு பெட்டியின் பிளக் அருகே வைத்து, கம்ப்ரசர் தொடங்கும் அந்த விநாடியைப் பார்த்தேன். எண் சரசரவென்று 11.2க்கு விழுந்தது. பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. குற்றவாளி வயர். வீட்டு விளக்குக்குப் போடும் மெல்லிய வயரை, பின்பக்கம் வரை ஐந்து மீட்டர் இழுத்திருந்தேன்.

12 வோல்ட்டில் ஒவ்வொரு கால் வோல்ட்டும் பெரிசு. 5 ஆம்பியர், ஐந்து மீட்டர் தூரம், போக வர பத்து மீட்டர் என்றால், 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மில்லிமீட்டரில் 0.23தான். வயரை மாற்றினேன், முனகல் நின்றது.

இன்வெர்ட்டருக்குப் போகும் வயர் இதைவிட முக்கியம். 1,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் நூறு ஆம்பியரை நெருங்கும். குறைந்தது 25, முடிந்தால் 35 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், அதுவும் நீளம் குறைவாக. பேட்டரியின் கூட்டல் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். ஃபியூஸ் காப்பது வயரை. அது இல்லாமல் வயர் எங்கேயாவது உரசித் தகரத்தைத் தொட்டால் வேன் எரியும்.

240 வோல்ட் பக்கத்து வேலைகளை, சாக்கெட், பிரேக்கர், எர்த் எல்லாவற்றையும், எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவுள்ள வயர்மேனிடம் கொடுங்கள். வாங்கும் பிளக், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றிலும் சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். வேனின் உடலை வெட்டி அமைப்பை மாற்றுகிறீர்கள் என்றால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதியையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

படி 5: வெயிலும், ஓடும் வேனும்

நம் நாட்டில் ஒரு நாளைக்கு நாலு முதல் ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைக்கும். கூரையில் படுக்கையாகக் கிடக்கும் 200 வாட் சோலார் தகடு, இழப்பெல்லாம் போக, தெளிவான நாளில் 600 வாட்-மணி தரும். மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும் மாதங்களில் காலையில் கிடைப்பதுதான் மிச்சம்.

சிக்கல் நிழல். நாம் வேனை நிறுத்துவதே மரத்தடி பார்த்துத்தான். ஒரு செம்பனை மட்டையின் நிழல் தகட்டின் குறுக்கே விழுந்தாலே மின்சாரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே கூரைத் தகட்டைவிட, மடித்து வைக்கும் தகடும் பத்து மீட்டர் வயரும் நமக்கு உகந்தது. வேன் நிழலில் நிற்கட்டும், தகடு வெயிலில் கிடக்கட்டும். அம்மாதான் இப்போது எங்கள் சோலார் மேற்பார்வை, நிழல் நகர நகர என் மகனைக் கூப்பிட்டு நகர்த்தச் சொல்லுவார். நிழலுக்கு மரம் பார்க்கும்போது மேலேயும் பாருங்கள். பருவத்தில் டுரியான் மரத்தடியும், எந்த மாதத்திலும் பட்ட கிளைக்குக் கீழேயும் வேண்டாம்.

வேன் ஓடும்போது அதன் ஆல்டர்னேட்டரிலிருந்து (இஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் பாகம்) பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற டிசி-டிசி சார்ஜர் ஒன்று போடுங்கள். 30 ஆம்பியர் சார்ஜர் மணிக்கு 400 வாட்-மணி அளவு ஏற்றும். தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலையின் தானா ராத்தா போய்ச் சேர்வதற்குள் அரை நாளுக்கான மின்சாரம் சத்தமில்லாமல் ஏறியிருக்கும். லித்தியத்தை நேராக ஆல்டர்னேட்டரோடு இணைத்துவிடாதீர்கள், அது இழுக்கும் இழுவையில் ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகும். நின்ற இடத்திலேயே வேன் இஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் ஏற்றுவதும் வேண்டாம். எண்ணெய் வீண், புகையும் சத்தமும் ஜெனரேட்டரைவிடக் குறைவில்லை.

சனி ஞாயிறு இரண்டு நாள் பயணத்துக்கு இதுவரை சொன்னதே போதும். எங்கள் வேனில் இப்போது 200 ஆம்பியர்-மணி லித்தியம், மடிப்புத் தகடு, டிசி-டிசி சார்ஜர். பெரும்பாலான பயணங்களில் ஜெனரேட்டரை வீட்டிலேயே விட்டுப் போகிறோம். மழை விடாத வாரம், மூன்று நாலு இரவு ஒரே இடம் என்றால்தான் அது வண்டியில் ஏறும்.

படி 6: ஜெனரேட்டர் வாங்கும்போது

திறந்த சட்ட ஜெனரேட்டரில் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றியாக வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அந்த வேகத்திலிருந்துதான் வருகிறது. ஒரு விளக்கு எரிந்தாலும் சரி, முழுச் சுமை ஏறினாலும் சரி, அதே 3,000. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் வேறு விதம். வரும் மின்சாரத்தை உள்ளே ஒரு தடவை மாற்றி 50 ஹெர்ட்ஸாகக் கொடுப்பதால், சுமை குறைந்தால் இஞ்சினும் மெதுவாகச் சுற்றும். சத்தம், எண்ணெய் இரண்டும் குறையும்.

பேட்டரியை ஏற்றுவதற்கு மட்டும் என்றால் 1 கேவிஏ (ஆயிரம் வாட்டுக்குச் சற்றுக் குறைவு) இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் போதும். 40 ஆம்பியர் சார்ஜர் 650 வாட் அளவுதான் கேட்கும். பதின்மூன்று கிலோ சொச்ச எடை, ஒரு கையில் தூக்கிப் போகலாம். தூக்க முடிவது ஏன் முக்கியம் என்பது சத்தத்தைப் பற்றிப் பேசும்போது புரியும். கேமரன் மலை போகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இஞ்சின் பலம் மூன்றரை சதவிகிதம் குறையும். 1,500 மீட்டரில் ஆறில் ஒரு பங்கு போய்விடும்.

பெட்டியில் அச்சிட்ட டெசிபெல் எண்ணில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சிலர் 7 மீட்டர் தூரத்தில் அளந்த சத்தத்தைப் போடுவார்கள், அதிலும் கால் சுமையில் அளந்ததை. சிலர் இஞ்சினிலிருந்து வெளியாகும் மொத்த ஒலி ஆற்றலைப் போடுவார்கள், அது 90 என்று இருக்கும். திறந்த வெளியில் இந்த இரண்டாவது எண்ணிலிருந்து 25ஐக் கழித்தால் ஏறக்குறைய 7 மீட்டர் கணக்கு வந்துவிடும். ஆக 90 என்று போட்டது 65 ஆகும். எந்தத் தூரம், எந்தச் சுமை என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

ஜெனரேட்டரில் 12 வோல்ட் துளை ஒன்று இருக்கும். பேட்டரியை அதில் ஏற்றாதீர்கள். பொதுவாக 8 ஆம்பியர்தான் வரும், நாள் முழுக்க ஓட்டினாலும் தீராது. 240 வோல்ட் பக்கத்தில் நல்ல சார்ஜரைச் செருகி 40 ஆம்பியரில் ஏற்றினால், காலியான 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரண்டரை மணி நேரத்தில் நிறையும். சத்தத்தைக் குறைக்க இதைவிடப் பெரிய வழி கிடையாது. ஜெனரேட்டர் ஓடும் நேரமே குறைந்துவிடுகிறது.

படி 7: சத்தத்தை அடக்குவது

என் அப்பா தோட்டத்தில் இஞ்சின் ஓட்டியவர். தாப்பாவைச் சுற்றிய தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு வெளிக் கம்பி வருவதற்கு முன்பு, தோட்டத்து இஞ்சின் கொட்டகையிலிருந்துதான் கரண்டு. மாலை ஆறு மணிக்கு வரும், பத்து மணிக்குப் போகும். போவதற்கு ஐந்து நிமிடத்துக்கு முன்பு அப்பா விளக்கை ஒரு தடவை மங்கவைப்பார், ஜனங்கள் பாயை விரித்துக்கொள்ள. இஞ்சின் நின்றதும் ஏற்படுகிற அமைதியில்தான் தோட்டமே தூங்கும். பகலில் கொட்டகைப் பக்கம் போனால்தான் கேட்கும் இஞ்சின், இரவில் பக்கத்து டிவிஷன் வரை கேட்கும். அப்பாவிடம் காரணம் கேட்டால், "ராத்திரி காத்து சத்தத்தைத் தூக்கிட்டுப் போவும்" என்பார்.

அது சரிதான். பகலில் தரை சூடு, மேலே போகப் போகக் குளிர், சத்தம் வானத்தைப் பார்த்து வளைந்துபோகும். இரவில் தரை முதலில் குளிர்கிறது, மேலே காற்று வெதுவெதுப்பு, சத்தம் மறுபடி தரைக்கே வளைந்து இறங்குகிறது. சுற்றுச் சத்தமும் அடங்கிவிடுவதால், பகலில் யாரும் கவனிக்காத அதே ஜெனரேட்டர் இரவில் எல்லோர் காதிலும் விழும். பள்ளத்தாக்கில், ஆற்றங்கரையில், இன்னும் மோசம்.

தூரம்தான் முதல் மருந்து. தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபெல் குறையும். 7 மீட்டரில் 55 டெசிபெல் என்றால் 14இல் 49, 28இல் 43, 56இல் 37. காதுக்குப் பத்து டெசிபெல் குறைந்தாலே பாதி ஆனதுபோல் இருக்கும். என் பழைய திறந்த ரகம் 7 மீட்டரில் 70 போட்டிருக்கும். 28 மீட்டர் தள்ளியிருந்த அந்தக் குழந்தைக்கு அது 58, யாரோ பக்கத்திலேயே நின்று விடாமல் பேசுகிற அளவு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளில்தான் அதை விற்றேன்.

தூரத்துக்கு நீண்ட வயர் வேண்டும். இருபது இருபத்தைந்து மீட்டர், வெளியில் போடும் ரப்பர் உறை, 2.5 சதுர மில்லிமீட்டர். சுருளில் இருந்தால் முழுதும் அவிழ்த்துப் போடுங்கள், சுருண்ட வயர் சூடேறி உருகும். நம் வேனிலிருந்து தள்ளி வைக்கிறோம் என்று பக்கத்துக் கூடாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோரிடமிருந்தும் தூரம் என்பதுதான் பொருள். முடியாத இடத்தில் நமக்கே பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் கீழே சொல்லப்போகும் ஆறு மீட்டருக்குள் வேண்டாம்.

அடுத்தது திசை. புகைக்குழாய் பக்கம்தான் அதிகச் சத்தம். அதை ஆள் இல்லாத பக்கம், முடிந்தால் மண்மேட்டையோ புதர்க்காட்டையோ பார்த்தபடி திருப்புங்கள். கல் சுவரைப் பார்த்துத் திருப்பினால் எதிரொலித்து நம்மிடமே வரும். ஜெனரேட்டருக்கும் கூடாரத்துக்கும் நடுவில் பார்வையை மறைக்கிற ஏதாவது இருந்தால், ஒரு மேடு, நம் வேனே கூட, ஐந்து டெசிபெல் வரை குறையும்.

மூன்றாவது அதிர்வு. மரப்பலகை மேலோ தகரத்தின் மேலோ வைத்தால் அதுவே மேளம்போல் அடிக்கும். மண்தரையில், கீழே தடித்த ரப்பர் விரிப்போடு வையுங்கள். பால்மரத்து ஊர்க்காரர்களுக்கு ரப்பருக்கா பஞ்சம்? நான் பழைய லாரி டயரின் உள்பக்கத்தை வெட்டி வைத்திருக்கிறேன்.

நான்காவது தடுப்பு. மூன்று பிளைவுட் பலகைகளை மூன்று பக்கமும் தடுப்பாக, ஜெனரேட்டரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, பின்பக்கமும் மேல்பக்கமும் திறந்தபடி நிறுத்துங்கள். உள்பக்கம் பழைய கனத்த கம்பளமோ ரப்பர் பாயோ ஆணியடித்தால் இன்னும் நல்லது. பெட்டிபோல் நாலு பக்கமும் மூடுவது, குழி தோண்டி உள்ளே இறக்குவது, ஈரச் சாக்கைப் போர்த்துவது எதையும் செய்யாதீர்கள். இஞ்சின் சூட்டில் அடைத்துக்கொள்ளும், தீப்பிடிக்கும், புகையும் அங்கேயே தேங்கும்.

மழைக்குக் கூரை வேண்டுமானால், ஒரு மீட்டருக்கு மேலே நாலு பக்கமும் திறந்த தார்ப்பாய் போதும். ஈரக் கையோடு பிளக்கைத் தொடவே வேண்டாம். இடி நெருங்கினால் நிறுத்திவிடுங்கள், பேட்டரி இருக்கிறது.

படி 8: புகை

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்று வருவதை, காற்று சேர்ந்துவிட்டது, பயண அலுப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவோம். அதுதான் ஆபத்து. ஜெனரேட்டர் எந்தக் கூடாரத்துக்கும் வேனுக்கும் குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, காற்று அடிக்கும் திசைக்குக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். மலையடிவார ஆற்றோரத்தில் பகலில் காற்று மேல்நோக்கி ஏறும், பொழுது சாய்ந்தால் மலையிலிருந்து இறங்கும். மத்தியானம் சரியாக இருந்த இடம் ஏழு மணிக்குப் புகையை நேராக உங்கள் படுக்கைக்கு அனுப்பும்.

வேனுக்குள் தலைமாட்டு உயரத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டுங்கள். இந்த முழு வழிகாட்டியில் ஒரே ஒரு பொருளைத்தான் வாங்க முடியும் என்றால் அதை வாங்குங்கள். யாருக்காவது திடீரென்று தலை சுற்றினால் முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள், பிறகு 999.

படி 9: ஒரு நாளை எப்படி ஓட்டுவது

காலை ஒன்பது, பத்து மணிக்குப் பேட்டரி மீட்டரைப் பாருங்கள். 60 சதவிகிதத்துக்கு மேல் இருந்து வெயிலும் அடித்தால் ஜெனரேட்டர் பேச்சே வேண்டாம். 40க்குக் கீழே, வானமும் இருண்டு கிடந்தால், பக்கத்தில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். "அண்ணே, பதினொரு மணியிலேருந்து ரெண்டு மணி நேரம் போடலாம்னு இருக்கேன், சரிங்களா?" யாரும் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. கேட்காமல் ஓட்டுவதுதான் கோபத்தை உண்டாக்கும். பலர் தங்கள் கைப்பேசியையும் கொண்டுவந்து செருகிவிட்டுப் போவார்கள். கரையில் செமாய் பூர்வகுடி மக்களின் கம்பத்து வீடுகள் இருந்தால் அவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், அந்தப் பக்கமும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஓடும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் சக்தி தின்னும் எல்லா வேலையையும் திணியுங்கள். சார்ஜர் முழு வேகத்தில், ஜெனரேட்டர் தாங்கினால் அதோடு ரைஸ் குக்கர், மிக்சி. இரண்டு பெரிய பொருள் ஒரே நேரத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பா இஞ்சின் சத்தத்தைக் கேட்டே சுமை சொல்லுவார். கவனித்துக் கேட்டால் உங்களுக்கும் தெரியும். சீராக ஓடுவது சட்டென்று அடித்தொண்டையில் இறங்கி முக்கினால் சுமை அதிகம், ஒன்றைக் கழற்றுங்கள்.

லித்தியம் 90 சதவிகிதம் வந்ததும் நிறுத்திவிடலாம். ஈயப் பேட்டரி வைத்திருப்பவர்கள் 80இல் நிறுத்துங்கள். கடைசி இருபது சதவிகிதம் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும், அதற்காக இஞ்சினை மணிக்கணக்கில் ஓட்டுவது தண்டம். மிச்சத்தை மறுநாள் வெயில் பார்த்துக்கொள்ளும். எங்கள் குடும்பத்துக்கு நாங்களே போட்டுக்கொண்ட எல்லை மாலை ஆறரை. அதற்கு மேல் எந்த அவசரத்துக்கும் இழுப்பதில்லை.

பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் இஞ்சினை நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். கேனில் பெட்ரோல் ஊற்ற எல்லா நிலையத்திலும் விடமாட்டார்கள், கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏர்கோன் கேட்பவர்களுக்கு

நிறையப் பேர் முதலில் கேட்பதே இதைத்தான். ஒரு குதிரைச் சக்தி ஏர்கோன் ஓடும்போது 800 வாட் அளவு, தொடங்கும் விநாடியில் அதைவிடப் பல மடங்கு. இடையிடையே நின்று நின்று ஓடுவதால் எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 4,000 வாட்-மணி அளவு தேவைப்படும், எங்கள் வேனின் நாலு நாள் மின்சாரம். இதற்குப் பேட்டரி போட முடியும், விலையும் எடையும் அதற்குத் தக்க இருக்கும். பேட்டரி இல்லாமல் ராத்திரி முழுக்க ஜெனரேட்டரில் ஏர்கோன் ஓட்டுவது, முகாம் முழுக்க இருப்பவர்களின் தூக்கத்தை எடுத்து நம் குளிருக்குக் கொடுப்பது. நான் அதைச் செய்யமாட்டேன், செய்யச் சொல்லவும் மாட்டேன்.

தாப்பாவில் வியர்த்துக் கொட்டும் இரவில், இரண்டு மணி நேரத்துக்குள் மேலே ஏறினால் ஒன்பது பத்து டிகிரி குறைவு. கீழேயே தங்குவதென்றால் ஆற்றை ஒட்டி நிறுத்தி, பின் கதவில் கொசுவலை மாட்டி, ஒரு காத்தாடி காற்றை உள்ளே இழுக்கவும் இன்னொன்று வெளியே தள்ளவும் வையுங்கள். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, அவர் போர்வை கேட்கிறார்.

வீட்டுக்கு வந்த பிறகு

ஜெனரேட்டரை வீட்டுச் சாக்கெட்டில் செருகி வீட்டை ஓட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டவே வேண்டாம். மின்சாரம் மீட்டர் வழியாக வெளிக் கம்பிக்குப் போய், அங்கே வேலை செய்யும் டிஎன்பி (மின்வாரிய) தொழிலாளியைக் கொல்லும்.

லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் வையுங்கள். ஈயப் பேட்டரியை முழுதாக ஏற்றி, மாதம் ஒரு தடவை மறுபடி ஏற்றுங்கள். ஜெனரேட்டரில் இஞ்சின் எண்ணெயின் அளவைப் பாருங்கள், புதியதாக இருந்தால் முதல் இருபது மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மாற்றிவிடுங்கள். அடுத்த பயணம் மாதக் கணக்கில் தள்ளிப்போகும் என்றால் தொட்டியில் மிஞ்சிய பெட்ரோலை வேனிலேயே ஊற்றிவிட்டு, பெட்ரோல் குழாயை மூடி, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் தேங்கிய பழைய பெட்ரோல் பிசுபிசுத்துப் போனால் அடுத்த தடவை எத்தனை இழுத்தாலும் பிடிக்காது.